மேல் முனை, கீழ் முனை

அவரை எல்லோரும் ‘பொறுமை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் இருபத்திரண்டு வருடங்களாகப் படிக்குப் படி அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பியானோக்களைக் கீறல் விழாமல் இடம் மாற்றியவர். வீட்டில் அவருக்கு அது துளியும் கிடையாது என்பது மனைவி தரும் கூடுதல் தகவல்.

மாடிப்படியில் பியானோ ஏற்றும்போது கீழ் முனையைப் பிடிப்பவர்தான் ஆள். பாரம் முழுக்க அவர் மார்பில் இறங்கும். மேலே இருப்பவன் பின்பக்கமாக நடந்து இழுத்தால் போதும். கீழ் முனை என்றைக்கும் பொறுமைக்கு. மேல் முனை மனைவியின் தம்பிக்கு. மூன்று வாரத்துக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி, “மாமாவுக்கு முட்டி வலிக்குது, இனிமே கீழ நான் பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

பேசாமல் கட்டில் தூக்கலாம், அலமாரி தூக்கலாம். பியானோ தூக்க முடியாது.

இன்றைய பியானோ ஒரு டீச்சருடையது. பழைய வீடு தரைத்தளம். சக்கரப் பலகையில் உருட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். புது வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம். பொறுமை பியானோவுக்குக் கம்பளியைச் சுற்றி இறுக்கினார். மேல்படியில் நின்ற டீச்சரை அண்ணாந்து பார்த்தார்.

“டீச்சர், தூக்குற பட்டையைத் தோள்ல மாட்டிக்கச் சொல்லுங்க.”

“யாரை?”

“உங்களுக்குக் கீழ நிக்கிறவரை.”

“மாட்டி அரை மணி நேரமாச்சுன்னு சொல்லுங்க டீச்சர்,” என்றான் மைத்துனன்.

ஐந்தாம் படி வந்தது.

“மெதுவா போகணுமாம்,” என்று மைத்துனனிடம் சொன்னார் டீச்சர்.

“அவர் வேலையை அவர் பார்த்தா போதும்னு சொல்லுங்க.”

“இதையும் நானே சொல்லணுமா? முப்பது பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரேன். ஒண்ணுகூட இப்படிப் படுத்தினதில்ல. கதவைத் திறந்துட்டு வரேன், அதுவரைக்கும் சண்டை போடாதீங்க.”

“நாங்கதான் பேசறதே இல்லையே,” என்றார் பொறுமை.

டீச்சர் மேலே போனதும், திருப்பத்துக்கு ஒரே ஒரு படி இருக்கையில், பொறுமையின் வலது முட்டி நடுங்கத் தொடங்கியது. பியானோ மார்பில் அழுத்தியது. சொல்லியனுப்ப ஆளில்லை. இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரு தட்டில், மூன்று வார வீறாப்பு இன்னொரு தட்டில். முட்டி காத்திருக்கத் தயாராக இல்லை.

“மாப்ளே, முட்டி விட்டுடுச்சு. இழு.”

மறுபேச்சில்லாமல் மைத்துனன் மூச்சைப் பிடித்து இழுத்தான். பியானோ திருப்பத்தில் ஏறி உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்தார்கள்.

“மாமா, அன்னிக்கு நான்...”

“அதை விடு. கீழ வா.”

மைத்துனன் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோரமாக நுழைந்து கீழே வந்தான். பொறுமை மேலே போனார். பின்பக்கமாக ஒரு படி வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது: மேலே இருப்பவனுக்குப் போகிற வழி எதுவும் தெரிவதில்லை. கீழிருந்து வரும் குரலை நம்பித்தான் காலை வைக்க வேண்டும். இவன் இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறான்.

“பொறுமை மாமா. பொறுமை. இன்னும் ஒரு படி, பொறுமை.”

தன்னுடைய அதே இழுவை, அதே அதிகாரம். டீச்சர் திரும்பி வந்து, “இப்ப நான் என்ன சொல்லணும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க டீச்சர்,” என்றார் பொறுமை, மூச்சு வாங்க. “என் குரலும் கேக்க இப்படித்தான் எரிச்சலா இருக்குமா?”

“இதையும் யார்கிட்டயாவது சொல்லணுமா?” என்றார் டீச்சர்.