நான் துளை போட்ட ஹார்ட் டிஸ்க்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். முன்பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும், பின்பக்கம் லேப்டாப் ரிப்பேரும். பொம்பளை என்ன ரிப்பேர் பார்ப்பாள் என்று ஆரம்பத்தில் தயங்கியவர்கள்கூட இப்போது என்னைத் தேடித்தான் வருகிறார்கள்.

உடைந்துபோன லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர், கெட்டுப்போனதுதானே என்று தன் லேப்டாப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். அது கை மாறிக் கை மாறி யாரிடமோ போய், அவர் வீட்டுப் போட்டோக்களை வைத்துக்கொண்டு ஒருவன் போன் செய்ய ஆரம்பித்துவிட்டான். அந்த டீச்சர் என் கடையில் உட்கார்ந்து அழுதது எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சொந்தக்காரர் கண் முன்னாலேயே டிரில்லிங் மிஷினால் மூன்று துளை போட்டுவிடுவேன். மிச்சத்தைத் திருச்சியிலிருந்து மின்னணுக் கழிவு எடுக்க வரும் வண்டியில் ஏற்றிவிடுவேன். யாருடைய ஃபைலையும் திறந்து பார்க்க மாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அன்றைக்கு வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம். விவசாயி. மஞ்சள் பைக்குள் இருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். திரை நொறுங்கியிருந்தது.

"உள்ள இருக்கிறது வெளிய போகாம அழிச்சுக் குடுப்பீங்களாமே?" என்றார்.

"ஆமாண்ணே. யாரோடதுங்க?"

"மகளோடது. திருச்சியில நர்சிங் படிச்சா."

படித்து முடித்து, வேலைக்குப் போய், புதிது வாங்கியிருப்பாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எதையாவது எடுத்து வைக்கவேண்டுமா என்று கேட்பதற்காக எப்போதும் அப்படிச் செய்வேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. சர்டிபிகேட், நோட்ஸ், புராஜெக்ட். நடுவில் ஒன்று, 'அம்மாவுக்கு' என்று ஆங்கில எழுத்தில்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

"போட்டோ, சர்டிபிகேட்டு ஏதாச்சும் எடுத்து வைக்கணுமாண்ணே?"

அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் வேணாம்மா. எல்லாத்தையும் அழிச்சிருங்க."

முன்பக்கம் கவுன்சிலிங் விண்ணப்பத்துக்காக நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று டிஸ்க்கை உருவினேன். மூன்று துளை போட்டேன். அவர் கடைசித் துளை வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இனிமே யாராலயும் பாக்க முடியாதுல்ல?" என்றார்.

"சாமியே வந்தாலும் முடியாதுண்ணே" என்றேன், சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அம்மா வந்தார். நெற்றியில் துளி விபூதி. கையில் ஒரு சார்ஜர், ஒயரை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு செவ்வாக்கெழம ஒரு லேப்டாப்பு ரிப்பேருக்குக் குடுத்தாராம். சார்ஜர விட்டுட்டு வந்துட்டாரு. இது இல்லாம எப்புடிப் போட்டுப் பாப்பீங்கன்னு எடுத்தாந்தேன் தங்கச்சி."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று, "பஸ்ஸுலயா வந்தீங்கக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

அவர் முகம் ஒரு நிமிஷம் தெளிந்தது. "நானாவே போர்டு பாத்து ஏறுனேன். யாரையும் கேக்கல. மக சொல்லிக் குடுத்தது."

அவருக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியுமாம். எங்கு போனாலும் பஸ்ஸுக்கு நாலு பேரைக் கேட்டுத்தான் ஏறுவாராம். மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, லீவில் வரும்போதெல்லாம் அம்மாவுக்கென்று ஒவ்வொரு ஊர்ப் பெயராக வீடியோ எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முதலில் பஸ் போர்டின் படம் வரும். அப்புறம் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டி, இரண்டு முறை நிறுத்திச் சொல்வாளாம். தப்பாகச் சொன்னால் திட்டுவதுபோலவும் நடுவில் பேசி வைத்திருப்பாளாம்.

"வைகாசியில நாலு நாளு காச்சல்ல போயிட்டா தங்கச்சி. அவ போனு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல தொலைஞ்சுபோச்சு. இதுலதான் அவ பேசுறது இருக்கு. பாத்ததையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் நாலு ஊரு பாக்காம வச்சிருக்கேன். பாத்துட்டா தீந்துருமேன்னு. போன வாரம் என் கையில இருந்துதான் கீழ விழுந்து ஒடஞ்சிருச்சு. படம் தெரியாட்டியும் பரவால்ல, கொரலு மட்டும் கேட்டாப் போதும்."

இனி மறைக்க முடியாது. "அக்கா, அது ரிப்பேருக்கு வரல" என்று ஆரம்பித்தேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதைக் காட்டச் சொன்னார். கழிவு வண்டியில் ஏற்றுவதற்காகப் பெட்டியில் போட்டு வைத்திருந்த டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். துளையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா அவ கொரலு இருந்துச்சு?"

கத்தவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டிஸ்க்கை முந்தானையில் முடிந்துகொண்டு, "வாரேன்" என்று எழுந்தார். எனக்கு மனம் கேட்காமல் கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். பஸ் வந்து நின்றது. போர்டு எங்களுக்கு நேர் எதிரேதான் இருந்தது. அவர் அதை நிமிர்ந்தே பார்க்காமல், "இது அன்னவாசலுக்குப் போகுமா தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார்.

போகும் என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலமே எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த திருச்சிக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். எங்கே துளை போட்டாய், எத்தனை என்று விசாரித்துவிட்டு, "நீ ஒழுங்காத்தான் பண்ணியிருக்க. ஒண்ணும் எடுக்க முடியாதும்மா" என்றார். அந்தப் பாராட்டு இன்றைக்கும் காதில் குத்துகிறது.

பத்து நாள் கழித்து அந்த அண்ணன் வந்தார், ஏதாவது வழி உண்டா என்று கேட்டுப்போக. இல்லை என்று சொன்ன பிறகும் எழுந்து போகவில்லை.

"பகல் பூரா அந்த லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டே கெடந்தாம்மா. சோறு திங்கல, வயக்காட்டுப் பக்கம் வரல. போட்டோதான் இருக்குன்னு நெனச்சேன். வீட்டுச் செவுத்துலதான் அவ படம் மாட்டியிருக்கே, இது எதுக்கு, இது இல்லாட்டி எந்திரிச்சிருவான்னு நெனச்சேன். ரிப்பேரு ஆகலன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"இப்ப அக்கா எப்படி இருக்காங்க?"

"எந்திரிச்சிட்டா. வேலையெல்லாம் பாக்குறா. எங்கிட்டதான் பேசல."

அதற்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. 'அம்மாவுக்கு' என்று ஒரு ஃபோல்டர் இருந்ததைத் துளை போடுவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன், உங்களிடம் வாசித்துக் காட்டவில்லை என்று சொன்னேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் வேணாம்னுதாம்மா சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

இப்போதும் பழைய லேப்டாப்புகளுக்குத் துளை போடத்தான் செய்கிறேன். போடாமல் விட்டால் வருகிற ஆபத்து எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் ஃபோல்டர் பெயர்களை ஒன்றுவிடாமல் உரக்க வாசித்துக் காட்டுகிறேன். வீட்டில் இன்னொருவரிடமும் போனில் பேசிக் கேட்கிறேன். அதற்கப்புறமும் ஒரு மாதம் டிஸ்க்கை என் பீரோவிலேயே வைத்திருந்துதான் துளை போடுகிறேன். இவ்வளவு எதற்கு என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அந்த அண்ணன் சொன்னது உண்மைதானா, என் மனசு ஆறட்டும் என்று சொன்னதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்தவர் ரகசியத்தைப் பார்க்காதவள் என்று நான் கொண்டாடிய பெருமைக்குள், அடுத்தவர் துக்கத்தை நின்று விசாரிக்காத அவசரமும் சேர்ந்தே இருந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.