முகமூடி கேட்டவர்

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, பெரிய வெல்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். அந்த மெஷினில் பொறி பறக்காது. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் மணல் போன்ற பவுடரைக் கொட்டிக்கொண்டே அது நகரும். கம்பி பவுடருக்குள் இறங்கி, உள்ளேயே எரிந்து இரும்பை உருக்கி ஒட்டவைக்கும். வெளிச்சம் வெளியே தெரியாததால் ஓட்டுபவருக்கு முகமூடி வேண்டாம்.

சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பார். மெஷினோடு நடந்தபடியே தலை வாரிக்கொள்வார்.

“இன்னா ஹீரோ, பொண்ணு பாக்கப் போறியா?” என்று முகமூடி போட்ட கை வெல்டிங் ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

“என் மூஞ்சி வெளிய தெரியுது மச்சான், வாரிக்கிறேன். மூடிகினு கீற உனுக்கு இன்னாத்துக்குடா சீப்பு?”

அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர், கலைந்த தலையோடு நேராக என்னிடம் வந்தார்.

“சார், கொஞ்ச நாளைக்கு என்னைக் கை வெல்டிங்ல போடு சார்.”

“அங்க ஒரே புகைண்ணா. எதுக்கு?”

“மெஷின்ல நின்னா எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. அங்கன்னா மூடிகினு அழுவலாம் சார்.”

நான் ஒரு முகமூடியை எடுத்துக் கொடுத்தேன்.

சாப்பாட்டு பெல் அடித்ததும் எல்லோரும் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார்கள். அவர் வெல்டிங்கை நிறுத்தியிருந்தார்; முகமூடியை மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் யாரும் போய்விடாதபடி, பெல் மறுபடி அடிக்கும்வரை நான் வழியில் நின்றுகொண்டேன்.