பைபர் படகைப் புதைத்த நாள்

மழை பெய்தால் எங்கள் வளவில் இரண்டு கிணறு என்று அயலார் பகிடி பண்ணுவார்கள். மற்றக் கிணறு, அப்பாவின் பைபர் படகு. அப்பா ஒருநாள் கடற்றொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் முன்பக்க அணியம் உடைந்து, ஊர்காவற்றுறைக் கரையில் ஒதுங்கியது; அதைக் கொண்டுவந்து வளவில் போட்டிருந்தோம். அதற்குப் பிறகு மழை விட்ட காலைகளில் அம்மா பால்மாப் பேணியோடு அதில் ஏறி, தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பார்.

கடைசியில் சுகாதாரப் பரிசோதகர் வந்து, தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகுகிறது, படகை அகற்றாவிட்டால் வழக்கு என்றார். மண்டைதீவிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, அறுக்கும் வாளோடு வந்து சேர்ந்தார்.

“அக்கா, இது இனி ஓடாது. விடுங்கோ.”

“அவர் வந்து கேட்டா என்னடா சொல்லுறது?”

மாமா வாளைத் தீட்டத் தொடங்கினார்.

மரத்தோணியென்றால் அடுப்புக்காவது உதவும். பைபரை எரித்தால் கரும்புகையைப் பார்த்துக் கடற்படை வந்துவிடும். ஆகவே வெட்டி, பின்வளவில் பாவிக்காமல் கிடந்த கக்கூசுக் குழிக்குள் போட்டு மூடுவதென்று முடிவாயிற்று. ஒரு மணித்தியால வேலை என்றார் மாமா. பின்னேரமாகியும் பாதிப் படகு கிடந்தது. தூள் பட்டு வீடே சொறிந்துகொண்டிருந்தது. கோழிகளும் சொறிந்தன என்று சத்தியம் பண்ணுவேன்.

படகின் ஒரு பக்கத்தில் அந்தோனியாரின் பெயர் இருந்தது. சுவாமியார் மந்திரித்த படகு. புனிதரைக் கக்கூசுக் குழியில் போடலாமா? மாமா அந்த இடத்தை மட்டும் சதுரமாக அறுத்து, கோயிலில் கொடுக்கவென்று வெள்ளைத்துணியில் சுற்றி வைத்தார். மிச்சமெல்லாம் குழிக்குள் போயின. மண்வெட்டியை எடுக்கும்போதுதான் அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

“நம்பர் எங்கை?”

“அது நேவிக்குக் காட்டப் போட்ட நம்பர், அக்கா. இனி ஒண்டுக்கும் உதவாது.”

அம்மா கேட்கவில்லை. சீலையைச் செருகிக்கொண்டு ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கினார். கையெல்லாம் கீறுப்பட, துண்டுகளைப் புரட்டி நம்பர் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு ஏறினார். வருடாவருடம் அப்பா தன் கையால் பெயின்ற் பூசி எழுதின இலக்கம். அதில் ஐந்து எப்போதும் விழப்போவது மாதிரிச் சாய்ந்திருக்கும்.

அதைக் கழுவித் துடைத்து, அலுமாரியில் கூறைச்சேலைக்குக் கீழே வைத்தார். அந்தோனியாரை அடுத்த நாளே கோயிலுக்கு அனுப்பிவிட்டு இதை ஏன் வைத்திருக்கிறார் என்று யோசித்தேன். கடற்படை கேட்டால் காட்டத்தான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சில கிழமைகளில் ரோந்து வந்த கடற்படையினர் படலையில் நின்று, இங்கே இருந்த படகு எங்கே என்று கேட்டார்கள். நான் உள்ளே ஓடி, அலுமாரியைத் திறந்து, துண்டைக் கொண்டுவந்து அவர்களிடம் நீட்டினேன். அம்மா அதைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவர்கள் பார்த்திருக்கவே எனக்கு அடித்தார்.

உதவிதானே செய்தேன் என்று அன்று முழுக்க அழுதேன்.