நகராத வண்டிக்கு ஒரு வேலி

பார்க்கிங் என்ற ஊரில் இருபத்தாறு வருடம் மூன்றாம் மாடி பிளாட்டில் வாழ்ந்த அருட்பிரகாசத்துக்குக் கால் பதிக்கச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்ததில்லை. போன சித்திரையில் எசெக்ஸ் கடற்கரைப் பூங்கா ஒன்றில் கரவன் என்கிற வண்டிவீடு வாங்கியதும், ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம், "கடலோரமா ஒரு காணி எடுத்திருக்கிறன்" என்றார். கரவன் என்று ஒருதரம்கூட வாய் தவறவில்லை. சில்லுப் பூட்டிய வீட்டை ஆர் மதிப்பார்கள்?

அது ஓடாத கரவன். தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து நிறுத்திவிட்டால், நிரந்தர நியமனம் பெற்ற உத்தியோகத்தர் மாதிரி அசையாது. காற்றடித்தால் மட்டும் லேசாக ஆடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணை மூடினால் கட்டில் மிதக்கத் தொடங்கும். ஷிப்டும், சூப்பர்வைசரும், பழுதான லிப்டும் கரையில் நின்று கையசைக்கும். குறைகளும் இருந்தன. மாரியில் எட்டுக் கிழமை பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். கரவனுக்கு வயது போனால் அதை இழுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் அவர் தலையில் சோப் போட்ட பிறகுதான் முடியும். எல்லாவற்றையும் பொறுத்தார்.

பொறுக்க ஏலாதது ஒன்றுதான்: வேலி இல்லை. கரவனுக்கும் கரவனுக்கும் நடுவில் வெறும் புல். பக்கத்துக் கரவன் வெள்ளைக்காரக் கிழவர் அந்தப் புல்லில் நடந்ததுமல்லாமல், போகிற போக்கில் குட் மோர்னிங்கும் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே அருட்பிரகாசம் பலகை வாங்கி நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு அடைத்தார். கிழவர் பக்கமாக ஒரு சாண் தள்ளி அடைத்தது வேண்டுமென்றல்ல, பரம்பரைக் கைப்பழக்கம்.

புதன்கிழமை பூங்கா நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. மகள் மரினா வாசித்துச் சொன்னாள்: பதினான்கு நாளில் வேலியை எடுக்காவிட்டால் கரவனோடு வெளியேற வேண்டும்.

"அப்ப காணி எங்கடை இல்லையோ?"

"இல்லை அப்பா. கரவன் நிக்க பெர்மிஷன், அவ்வளவுதான். நீங்க சைன் வச்ச பேப்பர்லயே இருக்கு."

கோயிலில் காணி எத்தனை பரப்பு என்று கேட்ட புவனேந்திரனுக்கு இனி என்ன சொல்வது? வேலியை விட்டால் காணி போய்விடும். வேலியைப் பிடித்தால் கரவனே போய்விடும். வக்கீலைப் பார்க்கலாமோ என்றும் யோசித்தார். கடைசியில் மனைவி பியற்றிஸ்தான் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு வேலி வேணுமோ, மத்தியான நித்திரை வேணுமோ?"

பதின்மூன்றாம் நாள் பிடுங்கினார். கிழவர் கேளாமலே பலகை நெம்ப அலவாங்கோடு வந்து கூடநின்று உதவினார். அந்த உதவியைத்தான் அருட்பிரகாசத்தால் தாங்கவே முடியவில்லை.

வேலை முடிந்து கட்டிலில் சாய்ந்தார். இரண்டு கிழமையாகப் பலகையையே காட்டிய யன்னலில், சாம்பல் நிறக் கடல் வந்து நின்றது. வெகு தூரத்தில் ஒரு கப்பல் யாரையும் கேளாமல் போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளை, இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லை எது?"

மரினா போனைப் பார்த்தாள். "ஸ்ட்ரெய்ட்டாப் போனா நெதர்லாந்து, அப்பா."

அவர் தலையணையைச் சரிசெய்தார்.

"அப்ப அந்தப் பக்கத்தாலை பிரச்சினை வராது" என்று கண்ணை மூடினார்.