அவதி என்றால் விடுமுறை

அப்பா கருங்கல் சந்தையில் ஒரு சிறிய ஜவுளிக்கடை போட்டபோது நாங்கள் இராஜாக்கமங்கலத்தை விட்டு அந்தப் பக்கம் குடிபோனோம். எனக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. தமிழ் சொல்லிக்கொடுக்கும் மிஷன் பள்ளிக்கூடம் தொலைவில், ஆற்றைக் கடந்து போகவேண்டிய இடத்தில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது அரசாங்கத் தொடக்கப்பள்ளி. அங்கே எல்லாமே மலையாளம். அன்றைக்கு நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியின் குடிகள். மலையாளம் படித்தால்தான் நாளைக்கு உத்தியோகம் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. ஆனால் பிள்ளை ஆற்றைக் கடக்க வேண்டாமே என்று ஒத்துக்கொண்டாள்.

வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் அந்த ஊர்த் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும் என்பதால் அவர்களுக்குச் சிரமமில்லை. கிழக்கிலிருந்து வந்த எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியை வடக்கே சங்கனாச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த இளம்பெண். பெண்ணாக இருந்தாலும் அங்கே எல்லோரும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தமிழ் அறவே தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார். வகுப்புக்குள் மலையாளம் மட்டும்தான் என்பது பள்ளிக்கூடத்தின் சட்டம்.

முதல் வாரத்தில் அவர் என்னை எழுப்பி நிறுத்தி ஏதோ கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். “பற மோளே, பற” என்றார் கனிவாக. ‘சொல்லு மகளே’ என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ‘பற’ காக்கை பறப்பதுதான். கொஞ்ச நேரம் யோசித்தேன். சார் சொன்னால் செய்யவேண்டும் அல்லவா? இரண்டு கைகளையும் விரித்து மெல்ல அசைத்தேன். வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. சாரும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழாதே என்பதற்கு “கரயண்டா, கரயண்டா” என்று அவர் என் முதுகைத் தடவினார்.

அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். எழுதச் சொன்னதை எழுதுவேன். பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். ஓணம் வந்துபோயிற்று. மழையும் ஓய்ந்தது. வகுப்பில் என் குரலை யாரும் கேட்கவில்லை. பெயர் கூப்பிடும்போது கையை மட்டும் தூக்குவேன். சாரும் வற்புறுத்துவதை விட்டுவிட்டார். அவ்வப்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்னால் அவர் ஏதோ சொன்னார். அதில் “நாளெ அவதியாணு” என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பயந்துதான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடிப்போய், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னவோ அவதியாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகம் மாறிவிட்டது. அம்மை குத்துகிறார்களோ, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அடிக்கப்போகிறார்களோ என்று என்னென்னவோ கேட்டாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. காலையில் எனக்குத் தலைசீவி விட்டு, தானும் சேலை மாற்றிக்கொண்டு என்னோடு புறப்பட்டாள்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில்தான் சார் வாடகைக்கு இருந்தார். எங்களைக் கண்டதும் ஈரத் தலையோடு வெளியே வந்தார்.

“என்ன அவதி சார்? பிள்ளைய என்ன செய்யப் போறீங்க?” என்று அம்மா கேட்டாள்.

“அவதி… ஸ்கூள் இல்லா” என்று அவர் பூட்டிய கதவைக் காட்டினார். பிறகு கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவதுபோல் காட்டினார். அம்மாவுக்கு மெல்லப் புரிந்தது. எங்கள் பாஷையில் அவதி என்றால் என்ன என்பதை அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா சொன்னாள்: “சார், எங்க வீட்டுல ஒருத்தருக்கும் உங்க பாச தெரியாது. இந்தப் பிள்ள யாருட்டப் போயி கேக்கும்? நானும் வந்து கிளாசுல இரிக்கட்டா?”

இதில் ‘இரிக்கட்டா’ என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. இரண்டு மொழிக்கும் அது ஒன்றுதான். சார் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தலையாட்டினார்.

தலைமை ஆசிரியர் உள்ளூர்க்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். இப்படியொரு வழக்கம் எங்கேயும் இல்லை என்று முதலில் தயங்கினார். இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன சொல்வது என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவந்தவள் என்று சொல்லிவிடுங்கள் என்றாள் அம்மா. வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள அனுமதி கிடைத்தது. அப்பா கேள்விப்பட்டு, சோறு நேரத்துக்கு வந்தால் சரி என்று மட்டும் சொன்னார்.

எனக்குத்தான் மானம் போயிற்று. ஒன்றாம் வகுப்பில் அம்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஊரில் நான் ஒருத்திதான். அம்மா அதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சிலேட்டில் குனிந்து எழுதினாள். பிள்ளைகளோடு சேர்ந்து சத்தம் போட்டுப் பாடினாள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் எழுத்துகள் சீக்கிரம் பிடிபட்டன. பேசுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். தமிழ்ச் சொல்லோடு ‘உன்னு’ சேர்த்தால் மலையாளம். வருன்னு, போகுன்னு, குடிக்குன்னு. அனேகமாக எல்லாம் சரியாகவே இருந்தன. சாரும் அவளைத் தவறாமல் கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா அவர்களுக்கு முன்னால் சிரித்துவிடுவாள்.

ஒரு நாள் சார் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தார். உடைந்த பானை பக்கத்தில் ஒரு சிறு பெண் அழுதுகொண்டிருந்தாள். “குட்டி எந்து செய்யுன்னு?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா எழுந்து நின்று நிதானமாகச் சொன்னாள்: “குட்டி அழுன்னு.”

“அழுன்னு அல்ல அம்மே, கரயுன்னு” என்றது ஒரு குரல்.

அது என் குரல்தான். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வகுப்பு திரும்பி என்னைப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சார் படத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். “ஒந்நுகூடிப் பற” என்றார், இன்னொரு முறை சொல்லு என்று. சொன்னேன். அடுத்த படத்தைக் காட்டினார், அதற்கும் சொன்னேன். மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். இத்தனை மாதம் காதில் விழுந்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருந்ததோ, வரிசையாக வந்தது.

மறுநாள் அம்மா கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டேன். “நீ போ மக்கா, எனக்கு வேல கெடக்கு” என்றாள். முந்தின வாரம் முழுக்க அவள் வராமல் இருக்கவேண்டுமே என்று நினைத்தவள் நான். அன்றைக்கு அந்தக் கடைசிப் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அதன் பிறகு மாலை நேரங்களில் அம்மா கடையில் போய் உட்கார்ந்தாள். மேற்கேயிருந்து சந்தைக்கு வரும் பெண்களோடு அவளுடைய ‘உன்னு’ மலையாளத்தில் பேசினாள். அவர்களும் அப்பாவை விட்டுவிட்டு அவளிடமே துணி கேட்டார்கள். சனிக்கிழமைகளில் சார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அம்மாவிடம் தமிழ் கேட்டுக்கொள்வார். ‘ற’வை அவர் சொல்கிற விதம் கடைசிவரை மாறவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்தது. விடைபெற வந்தபோது அவர் தமிழில் பேசினார், அம்மா மலையாளத்தில் பேசினாள். நடுவில் புகுந்து சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, பள்ளிக்கூடமும் தமிழுக்கு வந்தது. நான் சிரமப்படவில்லை. தமிழ் எழுத்தை அம்மா எப்போதோ வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் எண்ணுவது மட்டும் மாறவே இல்லை. இன்றைக்கும் தேங்காய் எண்ணினால் என் உதடு ஒந்நு, ரெண்டு, மூந்நு என்றுதான் போகும். பேத்தி பக்கத்தில் இருந்தால் அவளும் கூடச் சேர்ந்துகொள்வாள்.