வாசனை வராத சுத்தம்

பல்கலைக்கழகத்தில் அந்தக் கட்டடத்தை எல்லோரும் பச்சைக் கட்டடம் என்பார்கள். அதைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கும் பெண்மணியை மூக்கக்கா என்பார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே மரியாதைப் பெயராகிவிட்டது. குழாயில் கசிவா, ஒயர் சூடாகிறதா, கருவி சொல்வதற்கு முன்னால் அவள் மூக்கு சொல்லிவிடும்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பதினாறு வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் பட்டுக் கைத்தோல் உரிந்து, சட்டைப் பொத்தான் போட்டால்கூட விரல் எரியும்.

பச்சைக் கட்டடத்துக்கு வந்த முதல் நாளே இன்ஜினியர் சொல்லிவிட்டார்: "அக்கா, இங்க பினாயில் ஒரு சொட்டுகூடக் கூடாது." சொன்னதோடு நிற்காமல் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கண்ணாடிக் கூரைக்கு அடியில் நான்கு நாணல் பாத்திகள். கை கழுவும் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் இங்கே வரும். வேரில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்னும். நாலாவது பாத்தியில் தண்ணீர் தெளிந்து தோட்டத்துக்குப் போகும். கட்டாந்தரையாகக் கிடந்த அந்த இடத்தில் இப்போது தவளை கத்துகிறது.

"மண்ணுகிட்ட வாங்கினதைவிடக் கூடுதலாத் திருப்பிக் குடுக்கணும்க்கா. அதைக் காட்டத்தான் இந்தக் கட்டடமே."

அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஆண்டவனும் கண்ணுக்குத் தெரியாமல்தானே எல்லாவற்றையும் நடத்துகிறார்! அன்றிலிருந்து காலையில் கதவைத் திறக்கும்போது வீட்டாருக்காக வேண்டிக்கொள்வதோடு, வேரில் இருக்கும் அந்தச் சின்ன ஜீவன்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாள். துடைப்பதற்கு வினிகர், சோடா உப்பு, வெந்நீர் மட்டும்தான். மிச்சத்துக்குக் கைபலம் இருக்கிறது.

ஒரு புதன்கிழமை, மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து நிபுணர்கள் வருவதாக இருந்தது. இதைப் போலத் தாங்களும் கட்டலாமா என்று பார்க்க வருகிறார்கள். திங்கட்கிழமை காலை பார்த்தால், முதல் பாத்தி நாணல் மொத்தமும் மஞ்சளாகித் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

"யாரோ பினாயில் ஊத்தியிருக்காங்கக்கா. உங்க ஆளுங்களா?" இன்ஜினியரின் முகம் வெளுத்திருந்தது.

"என் ஆளுங்கன்னா நானும் என் நாத்தனாரும்தான் சார். பாத்துட்டு வந்து சொல்றேன்."

ஒவ்வொரு மாடியாக ஏறி, கை கழுவும் தொட்டி ஒவ்வொன்றிலும் குனிந்து முகர்ந்தாள். இரண்டாவது மாடியில் மூக்கு நின்றது. விளக்குமாறு வைக்கும் அலமாரியில், துண்டில் சுற்றிய இரண்டு காலி பாட்டில்கள். பின்னால் நாத்தனார் வந்து நின்றாள். கணவனின் தங்கை. மூன்று மாதத்துக்கு முன்புதான் மூக்கக்காவே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டாள். நாற்பது வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை.

"பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க அண்ணி. உள்ள நுழைஞ்சா ஒரு வாசனையும் இல்ல. வாசனையே இல்லன்னா கழுவியிருக்குன்னு யாரு நம்புவா? உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் ஊத்தினேன்."

"என் மானத்துக்கு ரெண்டு பாட்டிலா? தாராள மனசுதான் போ."

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேலையை விட்டுத் துரத்திடுவாங்களா? மூணாவது மாடி லேப்புல படிக்கிற பிள்ளைங்க என்னென்னமோ ஊத்துறாங்க. அவங்கதான்னு சொல்லிடலாம் அண்ணி."

"பொய் சொன்னா பாத்தி பொழைக்குமா? எது, எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான வைத்தியம் பாக்க முடியும். வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்ஜினியர் முன்னால் நிறுத்தினாள்.

"ரெண்டு பாட்டில் சார், எங்க கையாலதான் போச்சு. நீங்க எனக்குக் காரணத்தைக் காட்டினீங்க. நான் இவளுக்கு விதியை மட்டும் சொன்னேன், பாத்தியைக் காட்டல. அந்தப் பிசகு என்னோடது. இவளை அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி பாத்தியைக் காப்பாத்திடலாம்."

இன்ஜினியர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய், மற்ற பாத்திகளுக்குத் தண்ணீர் போகாதபடி முதல் பாத்தியின் வால்வை மூடினார். கூரையில் மழைநீர் சேரும் தொட்டியைத் திறந்து பாத்தியை அலசி, அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்தார்கள். அதோடு விட்டால் ஆகாது என்றாள் மூக்கக்கா. "தயிருக்கு உறை ஊத்துற மாதிரி சார். நாலாவது பாத்தியில உயிரோட இருக்கிற வேர்மண்ணை எடுத்து இதுல வைப்போம்."

இரண்டு நாளும் நாத்தனார்தான் முழங்கால் சேற்றில் நின்றாள். ஒரு கைப்பிடி வேர்மண்ணில் நெளிந்த பூச்சிகளைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதுங்க தலையிலயா ஊத்தினேன்!" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு யாரும் விதி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமையும் மஞ்சள் மாறவில்லை. பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து மறைத்துவிடலாமா என்றார் இன்ஜினியர்.

"உயிருள்ள கட்டடம்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே சார். உயிர்னு ஒண்ணு இருந்தா காய்ச்சல் வராதா? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வந்தவர்களுக்குத் தலைவி, நரைத்த முடி கொண்ட ஒரு பேராசிரியை. நேராக மஞ்சள் பாத்தி முன்னால் நின்றார். "இதுக்கு என்ன ஆச்சு?"

இன்ஜினியர் மூக்கக்காவைப் பார்த்தார். அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். யார் ஊற்றியது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தாங்க ஊத்தினேன்."

பேராசிரியை திரும்பி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தார். "இதோட பத்துக் கட்டடம் பாத்துட்டேம்மா. எல்லாம் நல்லா இருக்குன்னுதான் காட்டினாங்க. கெட்டுப்போனா எப்படித் தேத்துவீங்கன்னு ஒருத்தரும் காட்டல." மற்றவர்களும் கிட்டே வந்து குனிந்தார்கள். வேறு எந்த அறையிலும் அவர்கள் அத்தனை நேரம் நிற்கவில்லை.

அவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் மெதுவாக மூக்கக்காவின் பக்கம் வந்தார். "யாரையும் அனுப்பலக்கா. ஆனா இனிமே புதுசா யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே பாத்தியைக் காட்டிடணும். நீங்க காட்டுங்க."

"நான் எதுக்கு சார்? ஊத்தினவளே காட்டட்டும். அவ சொன்னாத்தான் நம்புவாங்க."

நாத்தனார் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பேராசிரியையை நாலாவது பாத்திக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். "பாத்து வாங்கம்மா, வழுக்கும்" என்று சொல்வது கேட்டது.