நடுவர் அவர்களே, பியருக்கு உயிர் உண்டா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லண்டனுக்கு வந்த அன்று என் பெட்டி விமான நிலையத்தில் தொலைந்துபோனது. வாய் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்த வாயால் எண்பதுகளின் நடுவில் ஒரு நல்ல வேலையைத் தொலைத்தேன். அதுவும் சும்மா இல்லை. மேடையேறி, மைக் பிடித்து, கைதட்டு வாங்கித் தொலைத்தேன்.

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பப் இருந்தது. அதன் நிலவறைதான் என் ராச்சியம். பியரில் இரண்டு சாதி உண்டு என்பதை அங்கேதான் அறிந்தேன். ஒன்று உயிருள்ள பியர். பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கும். இறக்கிய பீப்பாயை ஆட்டாமல் அசைக்காமல் கிடத்தி, அது தெளியும்வரை காத்திருந்து, பிறகு கைப்பம்பால் இழுத்து ஊற்றவேண்டும். புளிக்க வைத்த தோசைமாவைப் போல அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மற்றது உலோக உருளையில் வரும் கெக் பியர். வடித்து, சூடாக்கி, ஈஸ்டைக் கொன்று, காஸ் அடைத்து அனுப்புவார்கள். குழாயைப் பூட்டினால் சரி, எந்த மடையனும் ஊற்றலாம். கெக் வந்தால் நிலவறைக்கு ஆள் தேவையில்லை.

பப்பை நடத்தியவரை நான் முதலாளி என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் கட்டடமும் பம்பும் ஒரு பெரிய பியர் கம்பனிக்குச் சொந்தம், அவர்கள் தரும் பியரைத்தான் அவர் விற்கலாம். ஒரு நாள் கம்பனியின் ஏரியா மனேஜர் வந்து கைப்பம்புகளைத் தட்டிப் பார்த்து, "இந்தப் பழசையெல்லாம் கழற்றிவிட்டு முழுக்கக் கெக் போடலாமென்று யோசிக்கிறேன்" என்றார். முதலாளிக்கு முகம் கறுத்தது. அந்தக் கோடையில் நகர மண்டபமொன்றில் பியர் விழா நடக்க இருந்தது, அதில் இதே விஷயத்தைப் பற்றி ஒரு விவாதமும் இருந்தது. "அங்கே வந்து நான் பேசுவதைக் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள்" என்று முதலாளி சவால் விட்டார். மனேஜரும் வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

சவால் விட்ட பிறகுதான் அவருக்கு நடுக்கம் பிடித்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்றால் சிங்கம். நாலு பேர் முன்னால் எழுந்து பேசு என்றால் மனிதருக்கு வேர்த்துக் கொட்டும். ஆனால் முந்தைய தைப்பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் நான் பட்டிமன்றம் பேசியதை அவர் வந்து பார்த்திருந்தார். ஒரு சொல்லும் விளங்காமல், சனம் சிரித்தபோதெல்லாம் சேர்ந்து சிரித்தார். அன்று எதிரணியில் ஒருவர் வராததால் கடைசி நேரத்தில் நான் கட்சி மாறிப் பேசினேன் என்று தெரிந்ததும் வாயைப் பிளந்தார். பட்டிமன்றக்காரனுக்குக் கட்சி முக்கியமில்லை, எது கிடைத்தாலும் வெட்டவேண்டும் என்று அப்போது நான் பெருமையடித்திருந்தேன்.

"எனக்கும் அதைப் பழக்கு" என்றார் முதலாளி.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"வெள்ளைக்காரனுக்குப் பட்டிமன்றம் பழக்கப் போறீங்களோ? உங்களுக்கு வேறை வேலை இல்லையே?"

"இதுதானப்பா இப்ப வேலை. அவர் வெண்டால்தான் எனக்கு வேலை."

நிலவறையில் பீப்பாய்கள்தான் சபையோர். நடுவரை முதலில் மயக்கவேண்டும் என்றேன். எதிரணியைச் சம்பந்தி வீட்டாரைப் போல நடத்தவேண்டும், மரியாதை குறையக்கூடாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. நா தடுமாறினால் "நடுவர் அவர்களே" என்று ஒரு தரம் சொல், அதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். இந்தக் கடைசி வித்தை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "நடுவா அவகளே, நடுவா அவகளே" என்று படியேறும்போதெல்லாம் சொல்லிக்கொண்டார். "நுணலும் தன் வாயால் கெடும்" என்ற பழமொழியையும் கொடுத்தேன். தவளை சும்மா கிடந்தால் பாம்புக்குத் தெரியாது, கத்தித்தான் மாட்டிக்கொள்கிறது என்று விளக்கியதும் மனிதர் பீப்பாயில் அடித்துச் சிரித்தார். அதற்குப் பிறகு, "விளங்கிச்சுதோ?" என்று நான் கேட்டால் அவர் தலையாட்டி "ஓம்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

விழா மண்டபம் தாடிகளால் நிரம்பியிருந்தது. கோடையிலும் கம்பளிச் சட்டை. ஒருவர் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, "ஈரக் கம்பளி வாசம்" என்றார். பக்கத்திலிருந்தவர், "இல்லையில்லை, காய்ந்த தோடம்பழத் தோல்" என்று கோபித்தார். ஒரு மூலையில் பியருக்கு ஏற்ற தண்ணீர் எது என்று சொற்பொழிவு. பியர் விழாவில் தண்ணீரைப் பற்றியே அவ்வளவு நேரம் பேசினார்கள், எங்கள் கோயில் தலைவரைக் கூட்டிவந்து கூச்சமில்லாமல் முன்வரிசையில் இருத்தியிருக்கலாம். இன்னொரு மூலையில் நுரை பியரில் சேர்த்தியா இல்லையா என்று வட இங்கிலாந்துக்காரரும் லண்டன்காரரும் அடிபடாத குறை. அட, நம்முடைய சனம்தான் இவர்கள் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

எங்கள் விவாதத்துக்கு நடுவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். மேசையில் மணிகூட வைத்திருந்தார். ஆனால் கெக் பியருக்காகப் பேச வேண்டியவர் வரவில்லை. அத்தனை தாடிகளுக்கு நடுவே வரப் பயந்தாரோ என்னவோ. எதிர்க்கட்சி இல்லாவிட்டால் விவாதத்தைக் கைவிட வேண்டியதுதான் என்றார் நடுவர். பின்வரிசையில் ஏரியா மனேஜர் புறப்பட எழுந்து தன் கோட்டைக் கையில் எடுத்தார்.

முதலாளி என் முழங்கையைப் பிடித்தார். "நீ ஏறு. எந்தக் கட்சியும் பேசுவேன் என்றாயே. ஏறி, அழகாகத் தோற்றுக்கொடு."

சரிதானே? நான் தோற்றால் அவர் வெல்வார்; அவர் வென்றால் பம்பு நிலைக்கும்; பம்பு நிலைத்தால் நான் நிலைப்பேன். கையை உயர்த்தினேன்.

முதலாளி முதலில் பேசினார். ஐயோ, என்ன பேச்சு! "நடுவா அவகளே" என்று அவர் தொடங்க, தலைமை ஆசிரியை அதை ஏதோ லத்தீன் என்று நினைத்துத் தலைவணங்கினார். எங்கள் பியர் மாறவே மாறாது என்று கெக் கம்பனிக்காரர் ஊரெல்லாம் கத்துகிறார்களே, அவர்கள்தான் தன் வாயால் கெடும் தவளை என்றார், மண்டபம் அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு நான். தோற்கத்தான் ஏறினேன், சத்தியமாக.

"நடுவர் அவர்களே, உயிருள்ள பியர் என்கிறார் நண்பர். உயிருள்ளதோடு வாழ்வது இலேசா? என் மாமியாருக்கும் உயிர் இருக்கிறது. வெயிலுக்கு ஒரு முகம், இடி மழைக்கு ஒரு முகம். கொஞ்சம் அசைத்தால் கலங்கிவிடுவார், தெளிய இரண்டு நாள் வேண்டும். கெக் பியரோ என் மாமனார். எந்நேரமும் ஒரே மாதிரி. குளிர்ச்சியாக ஒரு மூலையில் இருப்பார்."

சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், என் புத்தி கெட்டது. பட்டிமன்றக்காரனுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டால் கொள்ளுக் கண்ட குதிரை மாதிரிதான். தோற்க வந்ததை மறந்தேன். நிலவறைக் கதைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்: தெளியாமல் கலங்கிப்போன பீப்பாய்கள், வியாபாரம் மந்தமான கிழமைகளில் புளித்துப் போனவை, காலையில் நான் வாளி வாளியாகக் கொட்டியவை. மூக்கைப் பொத்திக்கொண்டு நடித்தும் காட்டினேன். மணியடிக்க மறந்து நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்பு வந்தது. உயிருள்ள பியருக்கு ஆதரவானவர்கள் கிளாசை உயர்த்தும்படி கேட்டார்கள். மண்டபம் முழுக்கக் கிளாஸ். தாடிகளாவது மாறுவதாவது! முதலாளி வென்றார், கைதட்டு எனக்கும் கிடைத்தது. வாழ்க்கையில் இரண்டு கட்சியிலும் ஒரே நாளில் வென்றவன் நான்தான் என்று மிதந்தேன்.

அப்போது ஏரியா மனேஜர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவ்வளவு பியரைக் கொட்டுகிறீர்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நன்றி. திங்கட்கிழமை ஆட்களை அனுப்புகிறேன்."

அந்த மண்டபத்தில் என் பேச்சை நம்பிய ஒரே மனிதர் அவர்தான். முதலாளி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தவளை" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பம்புகளைக் கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் மரத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. முதலாளி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார், கை கொடுத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். மனைவி கடைசிவரை கேட்டாள்.

"வேலை போனாப் போகட்டும். என்ரை அம்மாவை ஏனப்பா இதுக்குள்ளை இழுத்தனீங்கள்?"

அதற்குப் பிறகு ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் ஷெட். லண்டனின் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு ரெயிலில் போய், கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து, பம்பு நம்பரை மட்டும் சொல்லும் வேலை. வாய்க்கு வேலையே இல்லை. பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை. அந்த பப் வழியாக நடப்பதையும் விட்டுவிட்டேன். முதலாளியின் முகத்தில் எப்படி முழிப்பது?

வருடங்கள் ஓடித் தொண்ணூறுகள் வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. மனைவி எடுத்தாள், போனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, ஆரோ வெள்ளைக்காரன். தமிழ் மாதிரி என்னவோ கதைக்கிறான். நடுவராம்."

"நடுவா அவகளே" என்றது போன். "சட்டம் மாறிவிட்டது, தெரியுமா? ஒரு சின்ன ப்ரூவரி காய்ச்சும் உயிருள்ள பியரை நானே தெரிந்து எடுக்கலாம் என்று கம்பனி இறங்கி வந்திருக்கிறது. ஒரு பம்பு திரும்பிப் பூட்டியாயிற்று. கீழே பீப்பாய் கிடக்கிறது, இரண்டு நாளாக யாரையும் தொட விடவில்லை. அதைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். நீ வருவாயா?"

எத்தனை வருடமாக அடக்கி வைத்த பேச்சு! மன்னிப்பு, விளக்கம், ஒரு பழமொழி, இரண்டு பகிடி, எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. நான் வாயைத் திறந்தேன். முன்னால் நின்ற மனைவி உதட்டில் விரலை வைத்தாள்.

"ஓம்" என்றேன்.